தீட்சிதரின் 250-வது ஆண்டு 2025-லா, 2026-லா? சங்கீத நினைவு நாள்களின் கணக்கு

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் பிறந்த 250-வது ஆண்டு என்று 2025 மார்ச்சிலேயே கச்சேரிகளும் கருத்தரங்குகளும் தொடங்கிவிட்டன. 2026 மார்ச்சில்தான் 250 நிறைகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் மார்ச் 24 என்ற தேதியில் ஒத்துப்போகின்றன. தகராறு வருடத்தில் மட்டும்தான்.

மும்மூர்த்திகளில் இன்னொருவரான தியாகராஜரின் ஆராதனையில், அதாவது அவர் மறைந்த நாளை ஒட்டிய வழிபாட்டில், குழப்பம் வேறு மாதிரி. அவர் மறைந்தது 1847 ஜனவரி 6 என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. ஆனால் அவருடைய சமாதி உள்ள திருவையாற்றில், ஆராதனையன்று பாடும் அவருடைய ஐந்து கிருதிகளான பஞ்சரத்னம் பாடியது 2024-ல் ஜனவரி 30, 2025-ல் ஜனவரி 18, 2026-ல் ஜனவரி 7. ஏன் இப்படி அலைகிறது என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. இவர்கள் காலத்துப் பிறப்பு, இறப்புக் குறிப்புகள் பஞ்சாங்கக் கணக்கில் எழுதப்பட்டவை. ஆங்கிலத் தேதி பிற்காலத்தில் யாரோ மாற்றிக் கொடுத்தது. மாற்றும்போது ஒரு படி வழுக்கினாலும் ஒரு வருடம் தள்ளிப்போய்விடும்.

மூலக் குறிப்பில் என்ன இருக்கும்?

பழைய குறிப்பு ஒன்றில் பொதுவாக ஐந்து விவரங்களில் சிலவோ எல்லாமோ இருக்கும்.

1. வருடப் பெயர். பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள் சுழன்று வரும். பிரபவ வருடம் 1747, 1807, 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. எந்தச் சுற்று என்று தெரிந்தால் ஆண்டு கிடைத்துவிடும்.

2. மாதம். தமிழ்நாட்டில் சூரியன் ராசி மாறுவதைக் கொண்டு மாதம் பிறக்கும், இது சௌரமானம். தெலுங்கு, கன்னட வழக்கில் அமாவாசைக்கு மறுநாள் மாதம் பிறக்கும், இது சாந்திரமானம். தஞ்சாவூர்ச் சீமையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பங்களில் இரண்டும் கலந்தே புழங்கின.

3. திதி. சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. சந்திரனின் வேகம் ஒரே சீராக இருக்காது என்பதால் ஒரு திதி சுமார் 20 மணி நேரத்தில் முடியலாம், 26 மணி நேரத்தைத் தாண்டியும் நீளலாம்.

4. நட்சத்திரம். வான வட்டத்தை 27 ஆகப் பிரித்ததில் சந்திரன் நிற்கும் பங்கு. ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை.

5. கிழமை. சரிபார்க்க மிக எளிது. ஆனால் பல குறிப்புகளில் இதுதான் இருக்காது.

ஐந்தும் இருந்தால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்கலாம். தியாகராஜர் பிறப்புக்கு மரபு தரும் குறிப்பு இது: சர்வஜித்து வருடம், சித்திரை மாதம், வளர்பிறை சப்தமி, பூச நட்சத்திரம், திங்கட்கிழமை. சர்வஜித்து 21-வது வருடம். 1747-லிருந்து எண்ணினால் 1767. அந்த ஆண்டின் மே 4 திங்கட்கிழமைதான். அன்று பகலில் சந்திரன் சூரியனுக்குச் சுமார் 75 பாகை முன்னால் நின்றது. 72-க்கும் 84-க்கும் இடைப்பட்டது சப்தமி. சூரியன் மேஷத்தின் பிற்பகுதியில் இருந்ததால் சந்திரன் கடகத்தில், பூசத்தில் விழுகிறது. ஐந்து விவரமும் ஒரே நாளைக் காட்டும்போது அந்தத் தேதியை நம்பலாம்.

தீட்சிதர் கணக்கில் எங்கே வழுக்கியது?

தீட்சிதர் குடும்பத்தின் வரலாற்றுக்கு முதன்மையான ஆதாரம் அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் வழியில் வந்த சுப்பராம தீட்சிதர். எட்டயபுரத்திலிருந்து 1904-ல் வெளிவந்த அவருடைய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் வாக்கேயகாரர்களின், அதாவது பாடலும் இசையும் தாமே அமைத்தவர்களின், வரலாறும் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் பிறப்புக்குக் குடும்ப மரபு சொல்வது: மன்மத வருடம், பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரம். இதை ஒவ்வொரு படியாக மாற்றிப் பார்க்கலாம்.

1. மன்மத 29-வது வருடம். 1747-ல் பிரபவ என்றால் மன்மத 1775 சித்திரையில் தொடங்குகிறது.

2. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடிகிறது. மார்கழி நடுவிலேயே ஆங்கில ஆண்டு மாறிவிடும். ஆகவே 1775 சித்திரையில் தொடங்கிய மன்மதத்தின் பங்குனி, 1776 மார்ச், ஏப்ரலில் வருகிறது.

3. 1775 மார்ச் என்பது மன்மதமே அல்ல. அது முந்தைய ஜய வருடத்தின் பங்குனி.

4. நட்சத்திரத்தைச் சோதித்தால் சந்தேகம் இன்னும் குறைகிறது. 1776-ல் மார்ச் 20-ஐ ஒட்டி அமாவாசை. அடுத்து வந்த வளர்பிறையில், மார்ச் 23 பகலிலும் 24 விடியலை ஒட்டியும் சந்திரன் கிருத்திகையில் இருந்தது. 1775 மார்ச் 24 அன்றோ தேய்பிறை அஷ்டமி வாக்கு. சந்திரன் தனுசு ராசியில், கிருத்திகைக்கு ஏறக்குறைய வானத்தின் எதிர்ப்பக்கத்தில் நின்றது.

ஆக, மார்ச் 24 என்ற தேதியை வைத்துக்கொண்டால் அது 1776-க்குத்தான் பொருந்தும். 1775-ஐப் பிடித்துக்கொண்டால் மார்ச் 24-ஐ விட்டுவிட வேண்டும், மன்மதத்தையும் விட்டுவிட வேண்டும். ‘1775 மார்ச் 24’ என்ற சேர்க்கை மூலக் குறிப்பின் விவரங்களில் பங்குனி மாதத்தைத் தவிர வேறெதற்கும் ஒத்துவரவில்லை.

பிழை எப்படி வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. வருட அட்டவணைகளில் மன்மத என்பதற்கு நேரே 1775 என்று ஒற்றை எண் அச்சாகியிருக்கும். ஒருவர் அந்த எண்ணை எடுத்து, நட்சத்திரத்தை வைத்துச் சரியாகக் கண்டுபிடித்த மார்ச் 24-க்குப் பக்கத்தில் எழுதிவிட்டார் என்றால் போதும். மற்றவர்கள் அதையே படியெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். தை, மாசி, பங்குனியில் பிறந்த எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. மார்கழியின் பின்பாதியில் பிறந்தவர்களுக்கும்தான்.

மறைவுக் குறிப்பு இன்னொரு சோதனைக்கு இடம் தருகிறது. தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தது 1835 அக்டோபர் 21, நரக சதுர்த்தசி, அதாவது தீபாவளி நாள். 1835-36-ம் மன்மத வருடம்தான். 60 வருடச் சுற்று ஒரு முறை திரும்பி வந்திருந்தது. பிறந்த வருடப் பெயர், மாதம், நட்சத்திரம் மூன்றும் திரும்பும் நாளில்தான் நம் வீடுகளில் 60 நிறைவு விழாவான சஷ்டியப்தபூர்த்தி செய்வார்கள். தீட்சிதருக்கு அது 1836 மார்ச்சில் வந்திருக்கும். ஐந்து மாதம் முன்பே, 59 வயது நிறைந்த நிலையில், அவர் மறைந்தார். 1775 மார்ச் என்று கொண்டால் 60-ஐக் கடந்து வாழ்ந்தார் என்று ஆகும். வரலாற்று நூல்களில் அவருடைய வயது 59 என்றும் 60 என்றும் மாறி மாறி வருவதற்கு இதுவே காரணம்.

சரி, 2025-ல் கொண்டாடியது தவறா? இங்கே எண்ணும் முறையைக் கவனிக்க வேண்டும். ‘250-வது ஆண்டு’ வேறு, ‘250 ஆண்டு நிறைவு’ வேறு. பிறந்தது 1776 மார்ச் என்றால்:

• 2025 மார்ச்சில் 249 ஆண்டுகள் நிறைந்து 250-வது ஆண்டு தொடங்குகிறது.
• 2026 மார்ச்சில் 250 ஆண்டுகள் நிறைகின்றன.

2025 மார்ச் முதல் 2026 மார்ச் வரை ஓராண்டு முழுக்க விழா எடுத்தவர்கள் எந்தக் கணக்கிலும் தவறவில்லை. 2025 மார்ச்சிலேயே ‘250 ஆண்டுகள் நிறைந்தன’ என்று பலகை எழுதி, ஒரே நாளில் விழாவை முடித்தவர்களுக்கு மட்டும்தான் ஒரு வருடம் முந்திவிட்டது.

நட்சத்திரப்படி ஜெயந்தி கொண்டாடுகிறவர்களுக்கு மார்ச் 24-ம் நிலையானதல்ல. பங்குனிக் கிருத்திகை 2025-ல் ஏப்ரல் தொடக்கத்துக்குப் போனது. 2026-ல் மார்ச் 23-ஐ ஒட்டி வந்தது. வைத்தீஸ்வரன்கோவில் முத்துக்குமாரசுவாமியின் பெயரைத் தாங்கியவர், ‘குருகுஹ’ என்ற முத்திரையால் கிருதிகளில் கையெழுத்திட்டவர். அவர் பிறந்தது முருகனுக்குரிய கிருத்திகையில் என்பதைக் குடும்பம் மறக்காமல் சொல்லிவைத்தது. எனக்கு அந்த நட்சத்திரத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

லண்டனிலும் இதே பிழை நேர்ந்தது

லண்டனில் வாழ்ந்த மேற்கத்திய இசையமைப்பாளர் ஹாண்டல் பிறந்தது ஜெர்மனியின் ஹாலே நகரில், 1685 பிப்ரவரி 23. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ள அவருடைய நினைவுச் சிற்பத்தில் பொறித்திருக்கும் பிறந்த ஆண்டோ 1684. காரணம், 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. அந்தக் கணக்கில் பிப்ரவரி முந்தைய ஆண்டின் கடைசிப் பகுதி. நமக்குப் பங்குனி எப்படியோ அவர்களுக்குப் பிப்ரவரி அப்படி.

விளைவு, அவருடைய நூற்றாண்டை ஒட்டி அபேயில் நடந்த மாபெரும் நினைவு இசைவிழா 1784-ல் நடந்துவிட்டது. ஜனவரி 1-ல் ஆண்டு தொடங்கும் இன்றைய கணக்கில் நூற்றாண்டு 1785-ல்தான் நிறைகிறது. தீட்சிதர் விஷயத்தில் நடந்ததும் இதுவே: ஆண்டின் எல்லை எங்கே என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது.

இன்னொரு ஜெர்மன் இசையமைப்பாளரான பாக் விஷயத்தில் சிக்கல் சிறியது. அவர் பிறந்த 1685 மார்ச் 21 பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதி. இன்றைய கிரிகோரியன் கணக்கில் அது மார்ச் 31. புராட்டஸ்டண்ட் ஜெர்மன் பகுதிகள் 1700-ல்தான் மாறின. ஆனாலும் உலகம் மார்ச் 21-ஐயே வைத்துக்கொண்டது. பீத்தோவனுக்குப் பிறந்த நாளுக்கான பதிவே கிடையாது. 1770 டிசம்பர் 17-ல் பான் நகரில் ஞானஸ்நானம் நடந்ததற்குத்தான் பதிவு உண்டு.

ஆராதனை ஏன் இடம் மாறுகிறது?

தியாகராஜர் கடைசி நாள்களில் சந்நியாசம் பெற்றவர். சந்நியாசி மறைந்த திதியில் சமாதியில் நடக்கும் வழிபாடுதான் ஆராதனை. அவருடைய திதி புஷ்ய பகுள பஞ்சமி. புஷ்ய என்பது இங்கே சாந்திரமான மாதத்தின் பெயர். பூச நட்சத்திரம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கே சிதறிவிடும். பகுளம் என்றால் தேய்பிறை. அதாவது புஷ்ய மாதப் பௌர்ணமி கழிந்து ஐந்தாம் திதி.

சந்திரனின் 12 மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான். எனவே ஒவ்வோர் ஆண்டும் ஆராதனை சுமார் 11 நாள் முன்னால் நகரும். மூன்று ஆண்டுக்குள் ஒரு முறை, சூரிய ஆண்டோடு ஈடுகட்டக் கூடுதலாகச் சேர்க்கும் அதிக மாதம் ஒன்று சேர்ந்து அதைப் பின்னுக்குத் தள்ளும்.

• 2023: ஜனவரி 11
• 2024: ஜனவரி 30 (2023-ல் அதிக சிராவணம் வந்ததால் 19 நாள் பின்னால்)
• 2025: ஜனவரி 18
• 2026: ஜனவரி 7

2026-ல் அதிக ஜேஷ்டம் வருவதால் 2027-ல் ஜனவரி கடைசி வாரத்துக்குத் தாவும்.

தைப்பூசத்துக்கு ஐந்து நாள் கழித்து ஆராதனை என்று நினைவில் வைத்திருப்பவர்கள் சிலர். 2024-ல் அது பலித்தது: தைப்பூசம் ஜனவரி 25, ஆராதனை 30. அடுத்த ஆண்டே பொய்த்தது: ஆராதனை ஜனவரி 18, தைப்பூசம் பிப்ரவரி 11. புஷ்யப் பௌர்ணமி சில ஆண்டு மார்கழியிலும் சில ஆண்டு தையிலும் விழும். தைப்பூசமோ தையை விட்டு அசையாது. 2026-ல் ஆராதனை நடந்த ஜனவரி 7 தமிழுக்கு மார்கழி 23. 1847 ஜனவரி 6-ம் மார்கழிதான். அதற்காக ‘மார்கழித் தேய்பிறை பஞ்சமி’ என்று தமிழ் மாதத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தால், 2024-க்குரிய ஆராதனை ஜனவரி 30-க்குப் பதில் டிசம்பர் முடிந்து ஜனவரி பிறக்கும் தறுவாயிலேயே வந்துபோயிருக்கும்.

இன்னொரு விவரம், கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு. 235 சந்திர மாதங்களும் 19 சூரிய ஆண்டுகளும் ஏறத்தாழ ஒரே நீளம். இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் 19 ஆண்டுக்கு ஒரு முறை திதி பழைய ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் வந்து சேரும். 1847-லிருந்து ஒன்பது சுற்று முடிந்தது 2018-ல். அந்த ஆண்டு ஆராதனை சரியாக ஜனவரி 6. தீட்சிதர் மறைந்த 1835-லிருந்து ஒன்பது சுற்று 2006: தீபாவளி அக்டோபர் 21. பத்தாவது சுற்று 2025: தீபாவளி அக்டோபர் 20. நூல்களில் உள்ள ஆங்கிலத் தேதி திதியோடு ஒத்துப்போகிறதா என்று வீட்டிலிருந்தே சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஆராதனையின் வரிசை எண்ணில் பெரிய சிக்கல் இல்லை. 1847-ஐக் கழித்தால் போதும்: 2025-ல் 178-வது, 2026-ல் 179-வது.

அழைப்பிதழ் அச்சிடுமுன்

சபாக்களும் இசைப் பள்ளிகளும் நாள் குறிக்கும்போது வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் இவை.

1. எதைக் கொண்டாடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜெயந்தி என்றால் பெரும்பாலும் நட்சத்திரம், ஆராதனை என்றால் திதி, அரசு விழா அல்லது அஞ்சல்தலை என்றால் ஆங்கிலத் தேதி. மூன்றும் மூன்று நாளில் வரலாம்.

2. திதி இரண்டு நாளைத் தொட்டால் எந்த நாள்? சிராத்தத் திதிக்குப் பொது விதி அபராஹ்ணம். பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காம் பகுதி. காலை 6-க்கு உதயம், மாலை 6-க்கு அஸ்தமனம் என்றால் பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. அந்த நேரத்தில் திதி இருக்கும் நாளே சிராத்த நாள். காலை உதயத்தில் இருக்கும் திதியை மட்டும் பார்த்துக் குறித்தால் ஒரு நாள் பிசகலாம்.

3. பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும், இன்றைய வானியல் கணக்கை வைத்துக் கணிக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரத்தில் சில மணி நேர வித்தியாசம் வரும். விளிம்பில் நிற்கும் ஆண்டுகளில் நாளே மாறிவிடும். எந்தப் பஞ்சாங்கம் என்று அழைப்பிதழிலேயே ஒரு வரி போட்டுவிட்டால் பாதி சண்டை தீர்ந்தது.

4. வெளிநாட்டில் நடத்துகிறவர்கள் நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். திதி பிறக்கும் கணம் உலகுக்கெல்லாம் ஒன்றே. சென்னையில் 7-ம் தேதி காலை 5 மணிக்குப் பஞ்சமி பிறந்தால் நியூயார்க்கில் அப்போது 6-ம் தேதி மாலை 6.30. சென்னைப் பஞ்சாங்கத்தின் தேதியை அப்படியே எடுத்து எழுதினால் அங்கே அன்று பிற்பகலில் பஞ்சமி முடிந்திருக்கலாம். 1978-ல் தொடங்கிய கிளீவ்லேண்ட் தியாகராஜர் விழா திதியைத் தொடவே இல்லை. ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி நடக்கிறது. எல்லோருக்கும் வர முடிகிற நாளில் வைப்பதும் நல்ல தீர்வுதான்.

5. மாற்றிய தேதியை மட்டும் எழுதாமல் மூலக் குறிப்பையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ‘மன்மத, பங்குனி, கிருத்திகை’ என்ற மூன்று சொல் எல்லா இடத்திலும் கூடவே வந்திருந்தால் 1775 இத்தனை காலம் நிலைத்திருக்காது.

அடுத்து வருபவை

2026 சித்திரையில் தொடங்குவது பராபவ வருடம். தியாகராஜர் மறைந்ததும் ஒரு பராபவத்தில்தான். 2027 ஜனவரி 26, 27 வாக்கில் வரும் 180-வது ஆராதனையில் வருடப் பெயர், மாதம், திதி மூன்றும் ஒன்றாகத் திரும்புகின்றன. 60 ஆண்டுக்கு ஒரு முறைதான் இது அமையும். மறைவுக்குப் பின் இது மூன்றாவது முறை. பஞ்சாங்க மரபில் பார்த்தால் 175, 200 போன்ற எண்களைவிட இது முக்கியமானது. அதற்குரிய கவனம் கிடைக்க வேண்டும்.

அதற்குச் சில நாள் கழித்து, 2027 பிப்ரவரி 6-ல், மும்மூர்த்திகளில் மூன்றாமவரான சியாமா சாஸ்திரி மறைந்து 200 ஆண்டுகள் நிறைகின்றன. அவர் மறைந்தது விய வருடம், வளர்பிறை தசமி. அன்று தமிழுக்குத் தை, சாந்திரமானத்தில் மாகம். விய 1826 சித்திரையில் தொடங்கியதால் தை மாதம் 1827-ல் விழுகிறது. ‘விய = 1826’ என்று அட்டவணையிலிருந்து எடுத்தவர் 2026-லேயே இருநூறாண்டு கொண்டாடிவிடுவார். திதிப்படி பார்ப்பவர்களுக்கு 2027-ல் மாக மாத வளர்பிறை தசமி பிப்ரவரி 16 வாக்கில், தமிழுக்கு மாசி பிறந்த பிறகு வருகிறது. தையிலேயே தசமியைத் தேடினால் ஒரு மாதம் முன்னால் போய் நிற்க வேண்டிவரும். தஞ்சாவூரிலோ சென்னையிலோ விழா எடுக்க நினைப்பவர்கள் மண்டபம் பதிவு செய்யும் முன்பே பிப்ரவரி 6-ஆ, 16-ஆ என்று தங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிடுவது நல்லது.